‘மனே’ என்றால் காசு இல்லை

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த மாணவனிடமும் காசு வாங்கவில்லை. மாமாங்கக் கோயில் தீர்த்தக்குளத்தில் இறங்கி நின்று சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். போன வருடம் இங்கே நடந்த ஒரு விஷயம் யார் யார் வாயில் ஏறி எப்படி எங்கள் பழுகாமத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. போன கிழமை என் மச்சாள் போன் எடுத்து, சுகம்கூட விசாரிக்காமல், “அங்க உனக்குச் சம்பளம் காணாதாகா?” என்று கேட்கிறாள். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீரியல் படிப்பிக்கிறேன். தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது, ஏன் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் வருகிறது என்கிற படிப்பு. மட்டக்களப்பில் பிறந்தவளுக்கு இது தொழில் இல்லை, பழக்கம். இருபது வருடத்துக்கு மேலாக இங்கேதான் இருக்கிறேன். அவ்வளவு காலத்தில் எங்கள் துறைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றும் வந்ததில்லை. போன வருடம்தான் நிதுஷன் வந்தான். வெல்லாவெளிக்காரன். புலமைப்பரிசிலில் முதுமாணிப் பட்டம் செய்ய வந்த பொடியன்.

அவன் ஆராய்ச்சிக்கு எடுத்ததும் எங்கள் வாவியைத்தான். மாரியில் வெள்ளம் முட்டினால் ஆற்றுவாயை அடைத்த மணலை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுவார்கள் அல்லவா, வெட்டின பிறகு உப்புத்தண்ணி எவ்வளவு தூரம் உள்ளே ஏறி எந்தெந்த வட்டையில் நெல்லைக் கெடுக்கிறது என்பதுதான் அவன் கேள்வி. வயல்வெளிக்கு எங்கள் பக்கம் சொல்கிற வட்டை என்ற சொல்லை மொழிபெயர்க்காமலே விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் இந்தக் கட்டிடத்தில் நான்தான். அதனால் என்னிடம் விட்டார்கள். வருட முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் புலமைப்பரிசில் நிற்கும், அதோடு விசாவும் நிற்கும், பொடியன் வெறுங்கையோடு வெல்லாவெளிக்குப் பஸ் ஏறவேண்டியதுதான்.

வந்த முதல் நாள், கொரிடோரில் ஒரு பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தொலைந்த பிள்ளை போல நின்றான். பார்த்ததும் என் வாயில் தானாக வந்தது.

“என்ன மனே, சாப்பிட்டியா?”

இதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

பிறகு தினமும் அதுதான். “என்ன மனே, வேலை எந்தளவில?” “அந்தப் படங்களை நாளைக்குக் கொண்டு வா மனே.” ரெண்டு அறை தள்ளி ஒரு பேராசிரியர் இருக்கிறார். நல்ல மனிசன், தேத்தண்ணி போட்டால் எனக்கும் சேர்த்துப் போடுகிறவர். அவருடைய காதில் இது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. தமிழ் விளங்காது, ஆனால் ஆங்கிலத்தில் காசுக்கு என்ன சொல் என்று அவருக்குத் தெரியும் அல்லவா. ஒரு விரிவுரையாளர் ஒரு ஏழை நாட்டு மாணவனைக் கொரிடோரில் மறித்து மறித்து ‘மணி, மணி’ என்று கேட்கிறாள். அடுத்த நாள் அவன் ஒரு பழுப்பு உறையை அவள் கையில் கொடுக்கிறான், அவள் திறந்து பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டுகிறாள். உறைக்குள் இருந்தது ஆற்றுவாயின் படங்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்.

அவர் போய்ச் சொன்னதில், எங்கள் துறைத்தலைவி மார்கிரட் என்னைக் கூப்பிட்டு பிஸ்கட் டின்னை நீட்டினார். இந்த நாட்டில் மேலதிகாரி பிஸ்கட் நீட்டினால் விஷயம் பெரிது. நான் ரெண்டு எடுத்துக்கொண்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “அது காசு இல்லை மார்கிரட். மகன் என்று அர்த்தம்.”

மார்கிரட் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். “அவர் உங்கள் மகனா?”

“இல்லை.”

“உறவினரா?”

“இல்லை. முன்பின் தெரியாது.”

“முன்பின் தெரியாத ஒரு மாணவரை ஏன் மகன் என்று கூப்பிடுகிறீர்கள்?”

எங்கள் பக்கம் மீன் விற்கிற பொடியனும் மனே, பஸ் கொண்டக்டரும் மனே, வேலி பாய்ந்த கள்ளனைப் பிடித்தாலும் ‘ஏன் மனே இப்பிடிச் செய்தாய்’ என்று கேட்டுவிட்டுத்தான் அடி தொடங்கும் என்று விளக்கினேன். அந்தக் கடைசி உதாரணத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. மார்கிரட் அதையும் எழுதிக்கொண்டார்.

காசுக் குற்றம் அங்கேயே தள்ளுபடியாகிவிட்டது. பதிலுக்கு எனக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். கணினியில் இருந்து செய்கிற பயிற்சி. மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையில் இருக்கவேண்டிய எல்லைகள் என்று தலைப்பு.

2

எல்லையைப் பற்றி எனக்கு இவர்கள் படிப்பிக்கவேண்டுமா என்று முதலில் கோபம்தான் வந்தது. நாங்கள் ஊர்க் கம்பஸில் படித்த காலத்தில் படிப்பித்த சேர்மாருக்கும் எங்களுக்கும் இடையில் இருந்தது எல்லை இல்லை, மதில். சேர் வருகிறார் என்றால் மரத்தடியில் இருந்தவர்கள் எழும்பி நிற்போம். அவருக்குப் பெயர் ஒன்று இருக்கிறது என்பதே பரீட்சைத் தாளில் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

ஒருமுறை அமிர்தகழியில் திருவிழாவுக்குப் போனோம், நானும் என் சிநேகிதியும். கடைத்தெருவில் கச்சான் கடலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பினால், முன்னால் எங்கள் கணித சேர். மேலில் சால்வை மட்டும். அவர் வாயிலும் கச்சான். நாங்கள் மெல்லுவதை நிறுத்தினோம். அவரும் நிறுத்தினார். மூன்று பேரும் கன்னம் புடைக்க அப்படியே நின்றோம். விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. கடைசியில் சேரின் மனுசிதான் வந்து, “என்ன இது, படம் பிடிக்கப் போறீங்களா” என்று கேட்டுக் காப்பாற்றினா. மறுகா எங்கள் ரெண்டு பேரையும் பக்கத்தில் இருத்தி, எந்த ஊர், யாருடைய பிள்ளை, என்ன குடி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, என்னைத் தனக்குப் பேத்தி முறை என்று முடிவு கட்டிச் சோறும் தந்தா. அடுத்த நாள் வகுப்பில் சேர் என்னை முன்பின் கண்டதில்லை என்பது போலத்தான் பார்த்தார். பெயிலும் போட்டார்.

இந்தக் கதையை ஆயிரம் பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொல்லாத கதை ஒன்றும் இருக்கிறது.

வேறொரு சேர் இருந்தார். பெம்பிளைப் பிள்ளைகளை எல்லாம் ‘மகள்’ என்றுதான் கூப்பிடுவார். குரலில் தேன் வடியும். அவருடைய அறைக்குத் தனியப் போகாதே என்று மேல் வகுப்பு அக்காமார் வந்த முதல் கிழமையே சொல்லிவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்கமாட்டோம். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் கதவைச் சாத்தவிடாமல் வாசலில் நிற்பாள். அவர் எரிச்சலோடு பார்த்தால் பேனையைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவாள். என் சிநேகிதிக்காக நான் தேடின பேனைகளையும் எனக்காக அவள் தேடின பேனைகளையும் சேர்த்தால் ஒரு கடை வைக்கலாம். இதைப் போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை, ஒரு அறை இல்லை, அதற்கு ஒரு பெயர்கூட எங்களிடம் இல்லை.

பயிற்சியில் முதல் பத்துப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டு போனேன். மாணவர் உணவு கொண்டுவந்து தந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. சாப்பிடுவேன் என்ற பதில் தெரிவுகளில் இல்லை. ஒரு மாணவர் அழுதால் அணைக்கலாமா என்று இன்னொன்று. அடுத்ததாக ஒரு பக்கம் வந்தது. மாணவரைச் சந்திக்கும்போது அறைக் கதவைத் திறந்து வையுங்கள் என்று. அதில் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் பேனையைப் போட்டுக் காத்த கதவை இவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மார்கிரட் மீது இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது.

பயிற்சியில் முதல் தடவை நான் பெயில் என்பதையும் சொல்லவேண்டும். சாப்பாட்டுக் கேள்வியில் போனது.

3

இனி ஒழுங்காக இருப்பது என்று முடிவெடுத்தேன். நிதுஷனைக் கூப்பிட்டு, கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஆங்கிலத்திலேயே சொன்னேன். இனிமேல் உங்களை நிதுஷன் என்று கூப்பிடுவேன், நீங்கள் என்னை இங்கே எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி மங்கை என்று கூப்பிடுங்கள் என்று.

பொடியனின் முகம் செத்துவிட்டது.

என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. இந்த நாட்டுக்காரர் வாயில் அது நுழையாது என்று நானே மங்கை என்று வெட்டிக் கொடுத்தேன். அவர்கள் அதை ‘மேன்-கை’ என்று சொல்கிறார்கள். அவர்கள் பாஷையில் மேன் என்றாலும் ஆம்பிளை, கை என்றாலும் ஆம்பிளை. மங்கைக்கு இந்த ஊரில் ரெண்டு ஆம்பிளை என்று பொருள். அதற்கே நான் ஓம் என்று திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன்.

ஆனால் நிதுஷனுக்கு வரவில்லை. தாய் வயதில் இருக்கிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனால் ஏலவில்லை. சேர் என்று சொல்ல நான் ஆம்பிளை இல்லை, மேன்-கை ஆனாலும். மெடம் என்றால் இங்கே சிரிக்கிறார்கள். ஆகவே கூப்பிடுவதையே விட்டுவிட்டான். ஈமெயில் எழுதினால் தலையில் ஒன்றும் இருக்காது, கழுத்தில் இருந்து தொடங்கும். நேரில் என் கவனத்தைத் திருப்பவேண்டும் என்றால் இருமுவான். கூட்டத்தில் இருமுவான், கொரிடோரில் இருமுவான். மார்கிரட் அவனைப் பல்கலைக்கழக வைத்தியரிடம் அனுப்பினார். அவர் நெஞ்சைப் படம் எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தமிழில் பேசினாலும் நான் ‘நீங்க, வாங்க’ என்றே பேசினேன்; கொஞ்சம் கொஞ்சமாக அவன் வருவதைக் குறைத்தான். வாராவாரம் கொண்டுவருகிற வரைவு வரவில்லை. நூலகத்தில் ஒருநாள் பிடித்துக் கேட்டேன். முதலில் ஆங்கிலத்தில் தடுமாறினான். பிறகு தமிழில் கேட்டான்.

“நான் என்ன பிழை செய்தன்? முதல்ல மனே எண்டீங்க. இப்ப ‘நீங்க, வாங்க’ எண்டு பேசுறீங்க. வீட்டிலயும் அம்மாக்குக் கோவம் வந்தாத்தான் நீங்க எண்டு பேசுவா.”

நான் எல்லை போட்டது அவனைக் காப்பாற்ற என்று நினைத்தேன். அவனுக்கு அது துரத்துகிற மாதிரி இருந்திருக்கிறது. நடந்ததை எல்லாம் அவனுக்குச் சொன்னேன், காசுக் கதை உட்பட. நூலகம் என்பதையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த நாளே வரைவு வந்தது. ஈமெயில் இன்னமும் கழுத்தில் இருந்துதான் தொடங்கியது.

4

வீட்டில் ஆரணிக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. ஆரணி என் ஒரே மகள். இங்கேயே பிறந்து, வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழில் சொன்னால் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவளுடைய பேராசிரியரை ஸ்டீவ் என்கிறாள். ஸ்டீவ் சொன்னது பிழை என்று ஸ்டீவுக்கே சொன்னாளாம், ஸ்டீவ் நன்றி சொன்னாராம். “பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முடிந்தது அம்மா, இதில் என்ன இவ்வளவு கஷ்டம்?” என்றாள். அவளுக்கு ஸ்டீவுடைய பெண்சாதி பெயர் தெரியுமா என்று கேட்டேன். ஏன் தெரியவேண்டும் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் நிதுஷனின் தாய் வட்சப்பில் வந்தா. புவனேஸ்வரி. அவவுக்குப் பின்னால் வெல்லாவெளியில் கோழி கூவுவது கேட்டது. மகனுக்குப் படிப்பிக்கிற ஆளோடு ரெண்டு வார்த்தை பேசவேண்டும் என்று அவனிடம் நம்பர் வாங்கினாவாம். முதலில் மழை, பிறகு வேளாண்மை, பிறகு யானை. அதன் பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “உங்களுக்கு ஒரு மகள் இரிக்காவாமே, என்ன படிக்கா?” என்று கேட்டா.

சொன்னேன்.

“நல்லம். மகன உங்கள மாமி எண்டு கூப்பிடு எண்டுதான் நானும் சொன்னனான். அவனுக்கு வெக்கம்.” பிறகுதான் கேட்கவேண்டியதைக் கேட்டா. “நீங்க என்ன குடிகா?”

வேறு ஊர் வாசகர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் குடி தாய்வழியில் வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடியில் பிறந்த பெண்கள் அக்கா தங்கச்சி, ஒருத்தியை ஒருத்தி கண்டிராவிட்டாலும். அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கல்யாணம் கட்ட ஏலாது.

என் குடியைச் சொன்னேன். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் நாளைக்கே நாலு பேர் விசாவுக்குக் கடிதம் கேட்டு வருவார்கள். மறுபக்கத்தில் கோழிதான் திரும்பவும் கூவியது.

“நாங்களும் அதுதான்” என்றா புவனேஸ்வரி. பாவம், குரல் இறங்கிவிட்டது. ஒரு மருமகளைக் கையில் எடுத்து அந்த நிமிடமே கீழே வைத்தவளின் குரல். ஆனால் எங்கள் பெண்டுகள் லேசில் நட்டப்படமாட்டார்கள். ரெண்டு மூச்சு விட்டு, திரும்பவும் பலத்த குரலில், “அப்ப நீ எனக்குத் தங்கச்சி. அவனுக்குச் சின்னம்மா. உன்ட மகன்தான் அவன். மறுகா எனக்கென்ன கவலை” என்றா.

ஆரணி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் குடிக்கணக்கு அவளுக்கு விளங்காது என்று நினைத்தேன். போனை வைத்ததும் தமிழில் கேட்டாள். “அப்ப எனக்கு ஒரு அண்ணா இரிக்கா?”

அவளாக என்னிடம் தமிழில் கேள்வி கேட்டு எத்தனையோ வருடம். ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டின பிறகுதான் மார்கிரட்டின் ஞாபகம் வந்தது.

5

உறவு இருந்தால் சொல்லவேண்டும் என்பது விதி. சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் அவன் நல்ல புள்ளி எடுத்து, பிறகு யாராவது ஒருவர் இவள் அவனைப் பிள்ளை என்றாளே என்று கிளப்பினால், அடிபடுவது அவனுடைய பட்டம். ரெண்டு நாள் யோசித்தேன். சொன்னால் அவனை வேறு ஆளிடம் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் வேறு. கடைசியில் திங்கட்கிழமை போய்க் கதவைத் தட்டினேன்.

“மார்கிரட், நிதுஷன் என் மகன் இல்லை என்று சொன்னேன் அல்லவா.”

“ஆமாம்.”

“சனிக்கிழமை காலையில் இருந்து மகன்.”

மார்கிரட் பிஸ்கட் டின்னைத் தேடினார். பிறகு அவருக்கும் எனக்கும் நடந்த சம்பாஷணையை நினைத்தால் இப்பவும் வேர்க்கிறது. தத்து எடுத்தீர்களா? இல்லை. அவருடைய தாயை எவ்வளவு காலமாகத் தெரியும்? ரெண்டு நாளாக. உங்களுக்குப் பொதுவான பாட்டி யார்? இருந்திருப்பா, பெயர் தெரியாது, வெள்ளைக்காரன் வர முதல் செத்திருப்பா. இந்தக் குடி என்பது ஒரு சங்கமா? சந்தா இல்லை. விலக முடியுமா? ஏலாது. அப்படியென்றால் அவரும் உங்கள் மகளும் காதலித்தால்? ஐயோ, சகோதரம் என்றேன். அந்த ஒரு இடத்தில் நான் அலறின விதத்தைப் பார்த்துத்தான் இது உண்மையான உறவு என்று மார்கிரட் நம்பினார் என்று நினைக்கிறேன்.

நல்ல மனுசி. முடிவும் நல்ல முடிவு. வாவி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தொடர்ந்து நானே வழிகாட்டலாம். புள்ளி போடுவது வேறு ரெண்டு பேர். புள்ளி உறுதியாகும்வரை அவன் என் வீட்டுக்கு வரக்கூடாது, நான் அவனுக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது, அவனிடம் ஒன்றும் வாங்கவும் கூடாது.

அந்தக் கிழமையே புவனேஸ்வரி யார் கையிலோ ஒரு சீலை கொடுத்து அனுப்பிவிட்டா. தங்கச்சிக்கென்று காத்தான்குடியில் கடை கடையாக ஏறி எடுத்த கைத்தறிச் சீலை. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூக் கரை. தொட்டுப் பார்த்தேன், பெருமூச்சு விட்டேன், கொண்டுபோய் மார்கிரட்டிடம் கொடுத்தேன். துறைக்கு வந்த அன்பளிப்பு என்று அதைத் தேத்தண்ணி அறைச் சுவரில் மாட்டினார்கள். முந்தானை கீழே, கொசுவம் வைக்கிற பக்கம் மேலே. மாதக்கணக்காக அதைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

நிதுஷன் வாராவாரம் வந்தான். கதவு திறந்திருக்கும். இருமுவான், நான் நிமிருவேன். மத்தியானத்தில் அவன் பாணும் ஜாமும் தின்பதைக் கண்டும் காணாதது மாதிரிப் போவேன். வீட்டில் இறால் குழம்பு வைத்த நாட்களில் அது பெரிய தண்டனை. ஆரணி வேறு, “இன்னும் புள்ளி வரல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரல்லையா என்ற சொல்லை எங்கே பொறுக்கினாளோ தெரியாது.

6

நேற்று முன்தினம் புள்ளி வந்தது. எழுபத்தெட்டு.

அந்த ஆய்வேட்டை நான் வரிவரியாகப் படித்தவள். நல்ல வேலைதான். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் மழைக்கணக்கு ஒழுங்கில்லை, முடிவுரையில் சொன்னதையே திரும்பச் சொல்கிறான். நான் போட்டிருந்தால் அறுபத்திநாலு. கூடிப்போனால் அறுபத்தைந்து. சொந்தப் பிள்ளைக்கு யார் கூடப் போடுவார்கள். கணித சேர் எனக்கு ஏன் பெயில் போட்டார் என்பதுகூட நேற்றுத்தான் கொஞ்சம் விளங்கியது. மார்கிரட்டிடம் இதைச் சொன்னேன். “அப்படியென்றால் விதி உங்களிடம் இருந்து அவரைக் காப்பாற்றியிருக்கிறது” என்றார். முதல் முறையாக ரெண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். சீலையையும் சுவரில் இருந்து கழற்றி, அவரே மடித்து என் கையில் தந்தார். மடிப்புத்தான் பிழை.

நேற்றுப் பின்னேரம் நிதுஷன் வந்தான். உள்ளே வந்து, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்று கதவை மெல்லச் சாத்தினான். இருமப்போகிறான் என்று பார்த்தேன். இருமவில்லை.

“சின்னம்மா” என்றான். குசுகுசுத்த குரலில், திருட்டுச் சாமான் விற்கிறவன் மாதிரி.

எனக்குக் கண் முட்டிவிட்டது. அதை மறைக்க எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன். சுவரோடு முட்ட, அகலமாக. ரெண்டு அறை தள்ளி அந்தப் பேராசிரியர் கேத்தலோடு நின்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் நன்றாகக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“ஞாயிற்றுக்கிழமை சோத்துக்கு வா மனே. தங்கச்சி பாத்துக்கொண்டு இரிக்கா.”